அரக்குச் சிவப்பு

சென்ற ஐப்பசி மழையில் என் தமக்கையார் வீட்டு அலமாரியின் பின்சுவர் வழியே நீர் கசிந்து, அவர் மகளின் திருமண ஆல்பத்தில் இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் போனபோது மேற்பூச்சு உரிந்து வந்துவிட்டது. மணமக்கள் பெரியோரை வணங்கி விபூதி பெறும் அந்தப் பக்கங்களில்தான், இன்று எங்களிடையே இல்லாத எங்கள் தாயார் அமர்ந்திருந்தார். அவ்விரண்டை மட்டும் புதிதாக அச்சிட்டு, பழைய பக்கங்களோடு வேற்றுமை தோன்றாதவாறு சேர்க்க இயலுமா என்று கேட்டு வருவதற்காக, ஆல்பத்தை ஒரு வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டேன்.

மேல மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ஸ்டுடியோ. அதன் உரிமையாளர் எழுபதை நெருங்கியவர். அவருடைய தகப்பனார் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குத் தூரிகையால் வர்ணம் தீட்டியவர். நெகட்டிவின் மேல் பென்சில் கொண்டு அம்மைத் தழும்புகளை மறைக்கும் நுட்பமும் அறிந்தவர். மகனோ இருட்டறையில் என்லார்ஜரின் அடியில் வர்ணப் படம் அச்சிடப் பழகி, ஃபிலிம் போன பிறகும் தொழிலை விட மனமின்றி, 2010-ஆம் ஆண்டில் எட்டு மைகளால் அச்சிடும் ஒரு போட்டோ பிரின்டரை வாங்கினார். ஊரில் மற்றவர்கள் படங்களைப் பெரிய லேபுகளுக்கு அனுப்பிவிட, தாமே அச்சிட்டுத் தாமே ஒட்டி ஆல்பம் கட்டுகிறவர் இவர். எங்கள் ஆல்பம் 2012-இல் அவ்வாறு கட்டப்பட்டதே. மூலப் படங்களையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

அதே படம், அதே காகிதம், அதே யந்திரம். ஆகவே அரைமணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும் என்று நான் எண்ணியிருந்தேன். அச்சாகி வந்த தாளைப் பழைய பக்கத்தின் அருகில் அவர் வைத்தபோது, நாங்கள் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. மணப்பெண்ணின் அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை நாவற்பழத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. மாம்பழ மஞ்சள் கரை செங்கல்லாகியிருந்தது. மஞ்சள் பூசிக் குளித்த எங்கள் தாயாரின் முகம், காய்ச்சல் கண்டவர் முகம்போல் சிவந்து இருண்டிருந்தது.

"ரெண்டு மாசமா இப்படித்தான் சார். கம்ப்யூட்டர புதுசா மாத்துன நாள்லேர்ந்து" என்றார் பெரியவர்.

பழைய கணினி பழுதாகிப் புதியது வாங்கியதும், அதில் புதிய இயக்க முறைமை இருந்ததும், பழைய பிரின்டரை இணைத்தவுடன் யந்திரம் ஒரு மறுப்பும் சொல்லாமல் அச்சிடத் தொடங்கியதும் அவர் சொல்லிக்கொண்டு வந்த விவரங்கள். அச்சிட மறுத்திருந்தால் அன்றைக்கே காரணத்தைத் தேடியிருப்பார்கள். அச்சிட்டுக்கொண்டே பிழை செய்ததுதான் துன்பமாயிற்று. முதலில் அவர் மைக்குழல்களைச் சந்தேகித்திருக்கிறார். நாசில் செக் என்னும் கோட்டுச் சோதனையில் எட்டு மைகளின் கோடுகளும் ஓரிடத்திலும் அறுபடாமல் வந்தன. மையும் அவர் எப்போதும் வாங்கும் மைதான். பிறகு தம் இருட்டறைப் பழக்கத்தை நம்பியிருக்கிறார். நெகட்டிவிலிருந்து வர்ணப் படம் அச்சிடுகையில், எந்த நிறம் மிஞ்சி நிற்கிறதோ அந்த நிற ஃபில்டரையே என்லார்ஜரில் கூட்டினால் படத்தில் அது குறையும். மெஜந்தா மிஞ்சினால் மெஜந்தா ஃபில்டரைக் கூட்ட வேண்டும். இந்தத் தலைகீழ்க் கணக்கை நாற்பது ஆண்டுகள் விரல் நுனியில் வைத்திருந்தவருக்கு, திரையிலே மெஜந்தாவை நேரடியாகக் குறைப்பது எளிய வேலையாகவே தோன்றியிருக்கும்.

"முகத்தச் சரி பண்ணுனா நரைமுடி பச்சையாப் போகுது சார். முடியச் சரி பண்ணுனா முகம் செத்துப் போகுது" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் அவர் நோயின் மூலத்தையே தொட்டுவிட்டார் என்பதை, மாலையில் அவருடைய தமக்கை மகன் வந்து விளக்கிய பிறகே உணர்ந்தேன். படம் முழுவதிலும் ஒரே அளவாக ஒரு நிறம் மிஞ்சியிருந்தால் அதை ஒரே அளவாகக் குறைத்துவிடலாம். வெளிச்சத்தில் ஒருவிதமாகவும் நிழலில் ஒருவிதமாகவும், சிவப்பில் மிகுதியாகவும் சாம்பலில் குறைவாகவும் கோணுகிற வர்ணத்தை எந்தப் பொதுத் திருத்தமும் நேராக்காது.

அந்த இளைஞர் சொன்னதை என் சொற்களில் கூறுகிறேன். கணினியில் சிவப்பு என்பது வெறும் எண். அந்த எண் எந்தச் சிவப்பைக் குறிக்கிறது என்பது யந்திரத்துக்கு யந்திரம் மாறும். ஆகவே யந்திரத்தைச் சாராமல் மனிதக் கண்ணை அளவாகக் கொண்டு வர்ணத்தைக் குறிக்கும் முறையொன்றை, ஒளியூட்டலுக்கான சர்வதேச ஆணையம் 1931-இல் வகுத்தது. 1976-இல் லேப் என்னும் மூன்றெண் முறையாக அது செம்மை பெற்றது. வெளிச்சத்துக்கு ஓர் எண், சிவப்பு பச்சைக்கு ஓர் எண், மஞ்சள் நீலத்துக்கு ஓர் எண். 1993-இல் எட்டு நிறுவனங்கள் கூடி அமைத்த சர்வதேச வர்ணக் கூட்டமைப்பு, ஒவ்வொரு சாதனத்தின் எண்களையும் அந்தப் பொது முறையோடு இணைக்கும் ப்ரொஃபைலுக்கு ஒரே வடிவத்தை ஏற்படுத்திற்று. ப்ரொஃபைல் என்பது ஓர் அகராதி. ஆனால் ஒரு பிரின்டருக்கு ஓர் அகராதி என்று சொல்லிவிட முடியாது. இந்த யந்திரத்தில், இந்த மையால், இந்தக் காகிதத்தில், பிரின்டரை இயக்கும் டிரைவரின் இந்த அமைப்பில் என்று நான்கும் சேர்ந்த சேர்க்கைக்கே அது பொருந்தும்.

மொழிபெயர்ப்பு ஒரு முறைதான் நடக்கவேண்டும். படம் திருத்தும் சாஃப்ட்வேர் வர்ணங்களைப் பிரின்டரின் மொழிக்கு மாற்றி அனுப்பினால், டிரைவர் அதில் கை வைக்காமல் தாளில் இறக்க வேண்டும். மாறாக, மொழிபெயர்த்து வந்ததை மூலம் என்று எண்ணி இன்னொருவரும் மொழிபெயர்த்தால், மெஜந்தா ஏறி, நிழல்கள் இருண்டு, நாங்கள் கண்ட அந்த முகம் வந்து சேரும்.

"மாமா, நாம குடுக்குறத இன்னொருத்தன் திருத்துறான்" என்றார் அவர், அச்சிடும் சாளரத்தைத் திறந்து காட்டி. முன்பு அங்கே காகித வகைகளின் நீண்ட பட்டியல் இருந்ததாம். 'வர்ணத் திருத்தம் வேண்டாம்' என்று ஒரு தேர்வும் இருந்ததாம். இப்போது இரண்டும் இல்லை. புதிய இயக்க முறைமை, உற்பத்தியாளரின் டிரைவருக்குப் பதிலாக எல்லாப் பிரின்டர்களுக்கும் பொதுவான தன் டிரைவரை இணைத்துவிட்டிருந்தது. அலுவலகக் கடிதம் அச்சிடுவோர்க்கு அது உபகாரமே. எட்டு மைகளை எந்தக் காகிதத்தில் எவ்வளவு இறக்குவது என்று தெரியாத அந்த டிரைவர், புகைப்படக்காரருக்கு உதவாது. சோதனைக்காக, சாஃப்ட்வேரின் மாற்றத்தை நிறுத்திவிட்டு அதே படத்தை அனுப்பினார். முகத்தின் சிவப்பு பாதிக்கு மேல் இறங்கியது. பெரியவர் அந்தத் தாளைக் கையில் வாங்கி, "அப்ப மிஷின் மேல தப்பில்ல" என்றார். இரண்டு மாதமாக அதன் மேல் சந்தேகம் கொண்டிருந்ததற்கு வருந்துகிறவர்போல அவர் கை பிரின்டரின் மூடியின் மேல் சற்று நேரம் தங்கியிருந்தது.

திடமான உலோகமும் பழுதற்ற குழல்களும் கொண்ட ஒரு யந்திரம், இன்னும் பல்லாண்டு உழைக்கும் வலிமையோடு இருக்கையிலே, அதற்கு டிரைவர் எழுதுவதை நிறுத்திவிட்டோம் என்று உற்பத்தியாளர் சொல்லும் ஒரே காரணத்தால் பயனற்றதாக்கப்படுவது அநியாயம் என்பதே என் அபிப்பிராயம். சிறு ஊர்களின் தொழிலாளர் யந்திரத்தை வாங்குவது கடனில். அதன் குணத்தை அறிந்துகொள்வது ஆண்டுக்கணக்கான பிரயாசையில்.

நல்லவேளையாக, பழைய டிரைவரின் கோப்பை இளைஞர் ஒரு ஹார்ட் டிஸ்கில் சேமித்து வைத்திருந்தார். பிரின்டரைப் பட்டியலிலிருந்து நீக்கி, பழைய டிரைவரை நிறுவி, மறுபடி சேர்க்கும்போது முறைமை தானாகத் தேர்ந்ததை ஏற்காமல் அந்த டிரைவரையே பெயர் பார்த்துத் தேர்ந்தார். காகிதப் பட்டியல் திரும்பிவந்தது. பழைய ப்ரொஃபைலில் அச்சிட்டதும் படம் ஏறக்குறைய நேரானது. பெரியவர் ஏறக்குறையவை ஏற்கவில்லை. பத்தாண்டுக்கு மேல் உழைத்த அச்சுத்தலை, வேறு கட்டாக வந்த காகிதம். புதிய ப்ரொஃபைல் வேண்டும் என்றார். நானும் இரவு தங்கினேன்.

அதற்காக 918 சிறு வர்ணக் கட்டங்களைச் சாஃப்ட்வேரும் டிரைவரும் எந்தத் திருத்தமும் செய்யாத நிலையில் அச்சிட்டு, மை ஆறித் தன் நிலைக்கு வர விட்டுவைத்தார்கள். மறுநாள் காலை, வாடகைக்கு எடுத்து வந்த அளவுக் கருவியை, எலும்பு வெள்ளையான ஒரு நீள அடிக்கோலின் மேல் வைத்து வரிவரியாக இழுத்தார் இளைஞர். வேகம் மிஞ்சினால் கருவி ஒரு மணி ஒலித்து அந்த வரியைத் தள்ளிவிடும். மூச்சையும் அளந்து விட்டுக்கொண்டு அவர் கை நகர்ந்த விதம், நெகட்டிவின் மேல் பென்சில் பிடித்த அந்தப் பாட்டனாரின் கையை எனக்குக் காட்டிற்று. திரையின் வர்ணமும் கணினி மாறியதில் நிலை பிறழ்ந்திருக்கவே, கருவி கையிலிருக்கும்போதே அதையும் அளந்து, பிரகாசத்தைக் குறைத்துச் சீர்செய்தார்.

புது ப்ரொஃபைலில் முதலில் அச்சிட்டது எங்கள் படத்தை அல்ல. கறுப்பிலிருந்து வெண்மை வரை படிப்படியாக ஏறும் ஒரு சாம்பல் பட்டை. சிவப்பு சற்றுத் தவறினாலும் கண் மன்னித்துவிடும், சாம்பல் தவறினால் மன்னிக்காது என்பது பெரியவரின் துணிபு. பட்டையில் ஒரு படியிலும் பச்சையோ சிவப்போ தலைகாட்டவில்லை. அதன் பிறகே பக்கங்கள் இரண்டும் அச்சாயின.

டியூப் லைட்டின் அடியில் அவற்றைப் பார்க்க அவர் விடவில்லை. ஒரு வெளிச்சத்தில் ஒத்திருக்கும் இரு வர்ணங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். அச்சுத்தொழிலில் வர்ணம் ஒப்பிட 5000 கெல்வின் வெளிச்சம் நியமமாகக் கொள்ளப்படுகிறது. அவருக்கு அந்த விளக்கு இல்லை. வடக்கு ஜன்னலைத் திறந்து, வெயில் நேராக விழாத இடத்தில் ஆல்பத்தை விரித்து, புதிய தாளைப் பழைய பக்கத்தை அடுத்து வைத்தார். அரக்கு அரக்காக இருந்தது. கரை மாம்பழமாக இருந்தது. தாயாரின் முகத்தில் மஞ்சள் மெல்லப் படர்ந்து, காதோரத்து நரை நரையாகவே நின்றது.

காகிதம் மட்டும் சிறிது வேறுபட்டது. பழைய பக்கங்களின் வெண்மை ஆண்டுகளில் இளமஞ்சளாகத் தணிந்திருக்க, புதியவை கூர்மையான வெண்மையோடு இருந்தன. சாயலாக ஒரு மஞ்சள் சேர்த்துவிடலாமே என்று நான் கேட்டேன்.

"வேண்டாம் சார். இதுவும் மஞ்சளாகும். இப்பவே சேத்துட்டா அப்புறம் ரெண்டு மடங்காயிரும்."

தாள்களைத் திருப்பி, பின்புறத்து ஓரத்தில், காகிதத்தின் பெயரையும் டிரைவரின் எண்ணையும் ப்ரொஃபைலின் தேதியையும் பென்சிலால் சிறிய எழுத்தில் குறித்தார். இளைஞர் புதிய கணினியைத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாதபடி அமைத்து, அதன் இணையக் கேபிளையும் உருவிச் சுருட்டி மேசையின் இழுப்பறையில் வைத்தார். பக்கங்களை ஒட்டிச் சேர்த்த பிறகு, இடையில் ஒரு மெல்லிய வெண்தாளை விரித்து, நாளை மாலை வரை ஆல்பத்தை முழுதாக மூட வேண்டாம் என்று சொல்லி, வேட்டியில் தளர்வாகச் சுற்றி என் கைகளில் கொடுத்தார்.