ஐந்து ஆறு தாண்டி ஒரு வகுப்பறை

தஞ்சாவூரில் திருவையாறு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலங்கள்தான். இந்தத் தடவை ஐயாறப்பர் தரிசனத்தோடு இன்னொரு வேலையும் இருந்தது. என் தங்கை பெண், நாலாம் வகுப்பு. வீட்டில் வாய் ஓயாது. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். முன்பு படித்த பள்ளியில் ஒரு தப்பு விடைக்கு எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். அதோடு கை தூக்குவதை விட்டுவிட்டாள். "பள்ளிக்கூடத்துல இவளை ஊமைன்னே நினைச்சுட்டாங்க அக்கா" என்று தங்கை கண் கலங்கினாள்.

புதுப் பள்ளிக்கூடம் வாய்க்கால் கரையில் இருக்கிறது. அனுமதி வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு குழந்தை கையிலும் ஒரு வெள்ளை அட்டை. அதில் கறுப்புக் கட்டங்களாக ஏதோ கோலம். நான்கு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி.

டீச்சர் போர்டில் எழுதினார்: 1/2, 1/3, 1/4, 1/5. எது பெரியது? எந்த விடையோ அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைப் பிடிக்க வேண்டும். டீச்சர் தம் செல்போன் காமிராவை வகுப்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினார். அவ்வளவுதான்! யார் என்ன சொன்னார்கள் என்பது பெயரோடு அவர் போனில். பிளிக்கர்ஸ் என்று பெயராம். ஒவ்வொரு அட்டையிலும் கோலம் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. தப்பானாலும் சிரிக்க ஆளில்லை.

பாதிப் பேர் 1/5 என்று காட்டியிருந்தார்கள். 5 பெரிய எண்ணாயிற்றே! (நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலும் கொஞ்சம் தடுமாறுவார்கள்.) டீச்சர் விடையைச் சொல்லவில்லை. "பக்கத்துல இருக்கறவங்களோட பேசிட்டு மறுபடி காட்டுங்க" என்றார். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற பௌதிகப் பேராசிரியர் 1990களில் பரப்பிய முறைதான் இது.

முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல், தயங்கித் தயங்கி: "ஒரு அதிரசத்தை அஞ்சு பேருக்குப் பிச்சா, துண்டு சின்னதாத்தானே வரும்?" எங்கள் வீட்டுக் குரல்! பக்கத்துப் பெண் தன் அட்டையைத் திருப்பிப் பிடித்தாள்.

"பேசினது அட்டை இல்லீங்க, அந்த ரெண்டு நிமிஷம்தான்" என்றார் டீச்சர் பிறகு. எனக்கும் அப்படித்தான் பட்டது. இன்னும் அவள் கை தூக்கவில்லை. அதற்கு நாளாகும்.

ராத்திரி சாப்பிடும்போது எனக்கே பாடம் நடந்தது: "கறுப்புக் கட்டத்தை விரலால மறைக்கக் கூடாது பெரியம்மா. மறைச்சா போனுக்கு நம்மளைத் தெரியாது."