ஆர்.சி. புக்கில் இல்லாத கார்

அக்கா மகனின் கார் மறைமலை நகரில் பிறந்தது. 2008 மாடல் ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் போர்ஷே வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சம்பளக்காரர்கள் வாங்குகிற விலையில் உண்மையான வேகம் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. ஃபோர்டு ஐகானும் ஃபியஸ்டாவும் அந்தக் காலத்து வண்டிகள். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் வருகிற மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையில் 2022-ல் உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகு இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பிடிவாதம் கூடியிருக்கிறது. புதுப்பேட்டையிலும், வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தையிலும் பாகம் தேடி அலைகிறார்கள்.

இவன் தேடியதோடு நிற்கவில்லை. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இறக்கினான். ஒரு இன்ச் பெரிய அலாய் வீல், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், காற்றை நேராக இழுக்கும் இன்டேக், என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றும் ஈ.சி.யூ. ரிமேப் என்று ஒவ்வொன்றாக ஏறின. சேலையூர் கேம்ப் ரோட்டில் வேகத்தடை வந்தால் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரம் ஏறி இறங்கிய பிறகுதான் அடுத்ததை ஏற்றுவான். பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்காரர் சொல்வதை இங்கே எழுத முடியாது.

இன்சூரன்ஸ் முடிகிற மாதம் வந்தபோது, "மாமா, மாடிஃபை பண்ண வண்டிக்குப் பாலிசி எவன் தருவான்?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். நான் ஓய்வுபெற்ற கணக்கன். எந்தப் பத்திரத்தையும் கடைசிப் பக்கப் பொடி எழுத்து வரை படிக்கும் நோய் எனக்கு உண்டு என்பது அவனுக்குத் தெரியும்.

ஆன்லைனில் நாங்கள் பார்த்த பக்கங்களில் பதிவு எண்ணைத் தட்டினால் போதும், மீதியை அதுவே நிரப்பிக்கொள்கிறது. சி.என்.ஜி. கிட் உண்டா என்று கேட்கிறது. போன வருடம் க்ளெய்ம் வாங்கினாயா என்று கேட்கிறது. சைலன்சரைப் பற்றியோ ஸ்பிரிங்கைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. அதன் கண்ணுக்குத் தெரிவது ஆர்.சி. புக்கில் இருக்கிற ஃபியஸ்டா. சேலையூரில் நிற்கிற ஃபியஸ்டாவை அது பார்த்ததே இல்லை. பணம் கட்டினால் உடனே பாலிசி மெயிலில் வந்துவிடும். ஆகவே பாலிசி கிடைப்பது கஷ்டமே இல்லை. விபத்து நடந்து, சர்வேயர் வந்து பானெட்டைத் திறக்கும்போது அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்பதுதான் கேள்வி.

சட்டம் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றோடு முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லி, மாற்றத்துக்கு இடம் கொடுத்திருந்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. அதே வருடச் சட்டத் திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவும் வந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாற்றம் ஒன்றுக்கு இவ்வளவு என்று படித்துக் காட்டியதும் அவன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினான், பாதியில் பேச்சை மாற்றினான்.

எல்லாக் கதவும் அடைப்பு என்று சொல்ல முடியாது. சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட் போட்டு ஆர்.டி.ஓ.விடம் பதிந்துகொள்ளலாம்; பாலிசியிலும் கிட்டின் மதிப்புக்குப் பிரீமியம் கட்டிச் சேர்க்கலாம். நிறத்தை மாற்றிப் பதியலாம். மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் போன்றவற்றை ஆக்சசரீஸ் என்று மதிப்புச் சொல்லி ஏற்றிக்கொள்ளலாம். வண்டிக்கு அழகும் சௌகரியமும் சேர்த்தால் பாலிசி முகம் சுளிக்காது. வேகத்தைச் சேர்த்தால்தான் அதற்கு வாய் அடைத்துவிடுகிறது.

ஜெர்மனியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங்கை மாற்றினால் டியூஃப் போன்ற அமைப்பிடம் வண்டியைக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். தேறினால் அந்த மாற்றம் வண்டியின் காகிதத்திலேயே ஏறிவிடும். இங்கிலாந்தில் மாற்றங்களை எழுதிச் சொல்லி, கம்பெனியும் உரிமையாளரும் ஒரு தொகையைப் பேசி முடித்துப் பாலிசி எடுக்கிற வழக்கம் உண்டு. அதற்கென்றே கம்பெனிகளும் இருக்கின்றன. நம் ஊரில் நல்ல ஸ்பிரிங் போட்டவனும், கட்டரால் ஸ்பிரிங்கை அறுத்துவிட்டவனும் சட்டத்தின் முன் ஒன்று. இது எனக்குச் சரியாகப் படவில்லை. அறுத்துவிட்டவனோடு அதே பெருங்களத்தூர் சிக்னலில் நானும் நிற்க வேண்டியிருக்கிறது.

பெருங்களத்தூர் என்றதும் ஹெரால்டு கார் ஞாபகம் வருகிறது. இன்று ஐ.டி. கட்டடங்கள் நிற்கிற இடத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு அங்கேதான் உருவானது. ஊருக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தும். ஃபியட்டையும் ஹெரால்டையும் வீட்டுப் பட்டறையில் கழற்றி மாட்டிக்கொண்டு அங்கே போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ரிமேப் போடுகிறார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் வந்ததும் சோழவரம் ஓய்ந்தது.

அந்த ஹெரால்டை யாராவது இன்றும் பழுதில்லாமல் வைத்திருந்தால் அரசு அவரைக் கொண்டாடுகிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 வயதைத் தாண்டிய கார் விண்டேஜ் என்று தனியாகப் பதிவாகும். 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருடம் செல்லும். 2022-ல் வந்த கட்டண அறிவிப்பு, விண்டேஜ் காருக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் பாதியைத் தள்ளிக்கொடுக்கிறது. முக்கியமான நிபந்தனை: சேசிஸ், பாடி, என்ஜின் எதிலும் பெரிதாகக் கை வைத்திருக்கக்கூடாது.

பிரீமியத்துக்கு வருவோம். ஃபியஸ்டாவுக்கு 1,596 சி.சி. அதே 2022 அறிவிப்பின்படி 1,500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் காருக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 7,897 ரூபாய். இதில் பேரம் இல்லை. சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தை மட்டும் 2007 முதல் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. அந்தப் பிரீமியம் நிற்பது ஐ.டி.வி. மேல், அதாவது பாலிசியில் குறிக்கிற வண்டி மதிப்பின் மேல். முதல் ஆறு மாதத்திலேயே ஐந்து சதவீதம் கழியும், நாலிலிருந்து ஐந்து வருடத்துக்குள் பாதி போய்விடும். ஐந்து வருடத்துக்கு மேல் கம்பெனியும் நாமும் பேசி முடிக்கிற தொகை. பேசி முடிப்பது என்பது பேச்சுக்குத்தான். திரையில் ஒரு எண் வரும், அதிலிருந்து கொஞ்சம் மேலே கீழே தள்ளலாம். அடகுக்கடையில் தங்கத்தை எடை போட்டுவிட்டுக் கல்லுக்குக் கழிப்பார்களே, அதுபோல இவன் செலவழித்ததெல்லாம் கழிந்து, இரும்புக்கும் கண்ணாடிக்கும் ஒரு விலை வந்தது. அதைவிட அதிகம் அந்த ஸ்பிரிங்குக்கும் சைலன்சருக்கும் போயிருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. அக்கா பக்கத்தில் இருந்தாள்.

எங்களுக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவரைக் கூப்பிட்டோம். டீயைக் குடித்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி. ஸ்டாக்னே போட்டுடலாம். நாளைக்கு எங்கயாவது இடிச்சா, ஷெட்ல விட்டுப் பழைய சைலன்சரை மாட்டிட்டு அப்புறமா சர்வேயரைக் கூப்பிடுங்க. எல்லாரும் அப்படித்தான்."

எல்லாரும் அப்படித்தான் என்பது உண்மை. அதனால்தான் அது எனக்கு உறுத்தியது. கம்பெனி கேட்பதில்லை, ஏஜென்ட் சொல்லவிடுவதில்லை, சட்டமோ சொன்னால் அபராதம் என்கிறது. வாயை மூடிக்கொண்டிருப்பவனுக்கு மட்டும் காரியம் நடக்கிற மாதிரி மூன்று தரப்பும் சேர்ந்து ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார்கள். ஆனால் காப்பீடு நம்பிக்கையின் மேல் நிற்கிற ஒப்பந்தம். முக்கியமான விவரத்தை மறைத்து எடுத்த பாலிசி செல்லாது என்று வாதாடும் உரிமையை, தேர்ட் பார்ட்டி விஷயத்தில்கூட, சட்டத்தின் 150-ஆவது பிரிவு கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறது.

தேர்ட் பார்ட்டி என்றால் யார்? வண்டலூரில் சாலையைக் கடக்கிற ஒருவர். அவருக்கு வண்டியில் என்ன சைலன்சர் இருந்தது என்பதில் அக்கறை இல்லை. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இந்தப் பாலிசியில் உச்சவரம்பு கிடையாது. பொருள் சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை. பாலிசிதாரர் நிபந்தனையை மீறியிருந்தாலும், முதலில் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றுதான் பல வழக்குகளில் தீர்ப்பாகியிருக்கிறது. நல்ல தீர்ப்பு. அந்த 'பிறகு' என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை லட்சம் இருக்கும் என்பதை அவனுக்குப் பொறுமையாக விளக்கினேன். சேலையூர் ஃபிளாட்டின் விலை வரைக்கும் போனோம்.

சொந்த வண்டிச் சேதத்தில் கம்பெனி முழுக்கக் கைவிரித்துவிட முடியாது என்பதற்கும் ஆதாரம் உண்டு. 2010-ல் அமலேந்து சாகு வழக்கில், சொந்த உபயோகத்துக்குப் பாலிசி எடுத்த வண்டி வாடகைக்கு ஓடியிருந்தது. நிபந்தனையை மீறியிருந்தாலும் க்ளெய்மை அடியோடு மறுக்கக்கூடாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் இரண்டரை லட்சம் கொடுக்கச் சொன்னது. 75 சதவீதம் வரை கொடுக்கிற வழிமுறை ஒன்றும் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகிறது. நிறுத்தியிருந்த கார் மேல் மரம் விழுந்தால் ரிமேப்புக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க இதில் இடமிருக்கிறது. ரேஸ் என்றால் அந்த இடமும் இல்லை. பந்தயம், வேகச் சோதனை இரண்டும் பாலிசியில் நேரடியாகவே விலக்கப்பட்டவை. இருங்காட்டுக்கோட்டையில் சுவரில் மோதினால் செலவு நம்முடையது. விடிகாலையில் ஈ.சி.ஆரில் நண்பனோடு 'சும்மா' போட்டிபோட்டாலும் நிலைமை தேறாது.

மரத்தைவிட எனக்குப் பயம் தண்ணீர். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு புகுந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து ஞாபகப்படுத்திவிட்டுப் போனது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தினார்களே, அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் வெளியூர்க்காரர்கள். தேங்கின தண்ணீரில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் என்ஜின் தண்ணீரைக் குடித்து கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண பாலிசி அதைப் பின்விளைவுச் சேதம் என்று தள்ளிவைக்கும். அதற்கென்று என்ஜின் புரொடெக்‌ஷன் என்ற கூடுதல் கவர் உண்டு, ஆனால் இவ்வளவு பழைய வண்டிக்குப் பெரும்பாலும் தருவதில்லை. இவனுடைய வண்டியோ இறக்கிவிட்டது. குளிர்ந்த காற்று வேண்டும் என்று இன்டேக் வாயையும் பம்பருக்குக் கீழே கொண்டுபோய் வைத்திருக்கிறான். மற்றவர்களின் கார் முழங்கால் தண்ணீரில் குடிப்பதை இது கணுக்காலிலேயே குடித்துவிடும். சட்டம், தீர்ப்பு, அபராதம் எதற்கும் அசையாதவன் இதைச் சொன்னதும் அசைந்தான்.

சைலன்சர் பழையதே ஏறியது. ஸ்பிரிங்கும் இன்டேக்கும் கம்பெனிப் பொருளுக்குத் திரும்பின. கழற்றியதெல்லாம் சாக்கில் கட்டி லாஃப்டில் கிடக்கிறது. காயலாங்கடைக்குப் போட மனசில்லை. அலாய் வீல் ஆக்சசரீஸ் கணக்கில் ஏறியது. ரிமேப்பை மட்டும் விடமாட்டேன் என்றான். சரி, அப்படியானால் எழுதிக்கொடு என்றேன். வண்டியின் ஈ.சி.யூ. மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறது, இதற்குக் கூடுதல் பிரீமியம் உண்டானால் கட்டத் தயார் என்று கம்பெனிக்கு ஒரு மெயில். அதே வாசகத்தில் ரெஜிஸ்டர் தபால், அக்னாலெட்ஜ்மென்ட் அட்டையோடு. ஏஜென்ட் தலையில் அடித்துக்கொண்டார்.

அட்டையில் கம்பெனியின் ரப்பர் ஸ்டாம்பு விழுந்து திரும்பி வந்தது. கடிதத்துக்குப் பதில் இல்லை. சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பிரீமியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாலிசியை அனுப்பிவிட்டார்கள். தேனாம்பேட்டையில் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது; 50 லட்சம் வரையிலான தகராறைக் கட்டணமும் வக்கீலும் இல்லாமல் விசாரிப்பார்கள். என்றைக்காவது அங்கே போக வேண்டி வந்தால் முதலில் நீட்டுவதற்கென்று அந்த அட்டையை ஆர்.சி. புக்கின் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறான். பெட்டியில் பத்திரமாக வை என்றால் கேட்பதில்லை, டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு சுற்றுகிறான்.