செய்தியும் அமானிதமே

ஒருவர் உரைத்த சொல்லைத் திரிக்காது உரியவரிடம் சேர்ப்பித்தலும் அமானிதம் என்பது நம் பெரியோர் கற்பித்த நெறி. இந்நெறி கணிப்பொறிக்குள்ளும் தேவைப்படுதல் கண்டு நாம் வியந்தோம்.

விசைப்பலகை முதலிய கருவிகள் தம் பணிக்கு மையச் செயலியை அழைக்கும் குரலே 'குறுக்கீடு'. அது எந்த எண்ணில் வரும் என்பதைக் கருவியின் இயக்கி நிரல் இயங்குதளத்திடம் கேட்டறியும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில், விடை எதிர்ம எண்ணாயின் அது பிழையின் காரணத்தைச் சுட்டும்.

அவ்விடை -517 எனில், "வேண்டிய துணை இன்னும் ஆயத்தமாகவில்லை; பின்னர் வருக" என்பது பொருள். 2012இல் வந்த ஏற்பாடு இது. இயக்கிகள் சிலவோ அதனை நீக்கி, "கருவியே இல்லை" எனப் பொருள்படும் -19ஐ மேலே அனுப்பின. இயங்குதளமும் அதை நம்பி மறுமுயற்சியைக் கைவிட, பழுதற்ற கருவி செயலற்றுக் கிடந்தது. வேறு சில, எதிர்ம எண்ணை ஏற்காத மாறியில் விடையை இட்டமையால், பிழையைப் பிழையென்றே அறியவில்லை.

திருத்தம் எளிது: குறியுடைய எண்ணாக வாங்குக, வந்த காரணத்தை வந்தவாறே அனுப்புக. 2019இல், எண்ணைத் தேடித்தரும் செயற்கூறே பிழையறிவிப்பையும் எழுதுமாறு அமைத்தனர். "பின்னர் வருக" என்னும் விடைக்கு மட்டும் அது வாய்திறவாது. அதனால் இயக்கிகள் பலவற்றில் மிகையாயிருந்த அறிவிப்புகள் களையப்பட்டன.

பொறுத்திருக்கச் சொன்னதை இல்லையென்று உரைப்பது, கருவிக்கு மட்டுமன்று, மனிதருக்கும் வாயிலை அடைப்பதாகும். நிரல் எழுதப் புகும் மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக!