பிரிப்பதற்கென்றே ஒரு தையல்

லண்டன் சாவில் ரோவில் தையல்காரர்களின் வேலையை நடைபாதையில் நின்றே பார்க்கலாம். பட்டறைகள் சில நிலவறையில் இருக்கின்றன. குனிந்தால் சன்னல் வழியே மேசையும் கத்தரியும் தெரியும். 15ஆம் எண்ணில் ஹென்றி பூல். 1846இல் இந்தத் தெருவுக்கு வந்த கடை. நான் பார்க்கப் போனது கோட்டை அல்ல, கோட்டில் கடைசிவரை தங்காத வெள்ளை நூலை.

துணியை இரண்டாக மடித்து வெட்டும்போது சாக்பீஸ் கோடு மேல்துண்டில் மட்டும் விழும். அடித்துண்டுக்கும் அதே அடையாளம் வேண்டும். இரட்டை நூலை முடிச்சுப் போடாமல் இரண்டு துண்டிலும் தொளதொளவென்று ஓட்டுவார்கள். பிறகு துண்டுகளை மெல்லப் பிரித்து, நடுவில் தெரியும் நூலை வெட்டினால் இரு பக்கமும் நூல்குச்சம் நிற்கும். இஸ்திரி ஆவியில் சாக்பீஸ் அழியலாம், இது அழியாது.

இதையே மெஷினில் செய்பவரை ஈஸ்ட் ஹாமில் பார்த்தேன். ஹை ஸ்ட்ரீட் நார்த்தை ஒட்டிய தெருவில் பிளவுஸ் தைக்கும் யாழ்ப்பாணத்து அக்கா.

“பட்டில சோக் நிண்டு பிடிக்காது தம்பி. மெழுகுச் சோக் எண்டால் கறை விட்டிடும்.”

ஊசிக்கடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை மாற்றினார். புது ஃபுட்டின் நடுவில் மெல்லிய தகடு ஒன்று நிமிர்ந்து நின்றது. ஜிக்ஜாக்கில் ஊசி அந்தத் தகட்டின் இருபுறமும் மாறி மாறி இறங்க, மேல்நூல் அதன்மேல் வளையம் வளையமாக ஏறியது. மேல்நூல் டென்ஷனை நன்றாகத் தளர்த்தி, தையல் நீளத்தைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் வைத்திருந்தார். மடித்துத் தைக்க வேண்டிய டாட்டின் முனையில் நாலைந்து குத்து. துணியைப் பின்பக்கமாக உருவியதும் வளையங்கள் நிமிர்ந்து நின்றன. துண்டுகளை விலக்கியதும் அவை இடைவெளிக்குள் இறங்க, நறுக் நறுக்கென்று வெட்டினார். பக்கத்தில் இருந்த ஜூக்கி மெஷினில் இது நடக்காது. அதற்கு நேர்த்தையல் மட்டும்தான். நம்மூர்க் கறுப்பு மிதி மெஷினும் அப்படித்தான், அதனால் இந்த ஃபுட் அங்கே புழங்கவில்லை.

ஒரே ஒரு பிளவுஸ் என்றால் கைதான் வேகம் என்று எனக்குப் பட்டது. ஃபுட் மாற்றி, டென்ஷன் திருப்புவதற்குள் கை முடித்துவிடும். அதனால்தான் அவர் பல பிளவுஸ்களை வெட்டி அடுக்கிவிட்டு, அடையாளங்களை ஒரே மூச்சில் போடுகிறார். ஊசித்துளை பட்டில் தங்கிவிடுமோ என்று தையலுக்கு விட்ட ஓரத்தில் முதலில் குத்திப் பார்ப்பார். தங்கினால் மெஷினைத் தொடுவதில்லை, மெல்லிய கையூசிதான்.

சாவில் ரோவில் கோட்டை நூலோட்டி உடுத்திப் பார்த்து, மறுபடி பிரித்துத் திருத்துவார்கள். தையல் ஓரத்திலும் தாராளமாகத் துணி விட்டிருப்பார்கள். இங்கே அதற்கெல்லாம் இடமில்லை. பழைய பிளவுஸ் ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், பெரும்பாலும் தைத்து முடிந்த பிறகே வருகிறார்கள்.

“கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் வருவினம். அப்ப டாட் ஒரு பக்கம் ஏறி நிண்டால் நான் எங்க போய்ப் பிரிக்கிறது?”