அரை மாத்திரைக் கணக்கு

கம்பத்தில் திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து வீடு திரும்பிய பேரன், சாப்பிட்டபடியே போனில் ஓர் ஆவணப்படம் பார்த்துக்கொண்டிருந்தான். இலங்கையின் பொருளாதார வீழ்ச்சியைப் பற்றிய படம். 2022 ஜூலை 9-ம் தேதி, கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த மக்கள் நீச்சல் குளத்தில் குதித்து விளையாடும் காட்சி ஓடியது. "அப்பத்தா, உங்க ஊரைப் பாரு!" என்று சிரித்தபடி போனை நீட்டினான்.

அப்பத்தா சிரிக்கவில்லை.

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர் அவர். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையகத் தமிழர்களைப் பங்கு பிரித்தது. அப்பத்தாவுக்கு இந்தியா. கல்யாணமாகிப் போன தங்கைக்கு இலங்கை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர், மண்டபம் முகாம் வழியாகக் கம்பம் வந்து சேர்ந்தார்.

"நான் கெளம்புன காலத்துலயும் பாணுக்கு விடியக்காலையிலயே வரிசைதான்யா. தோட்டத்துல பட்டினி கெடந்து செத்தவங்க உண்டு" என்றார். ரொட்டியை இன்றும் 'பாண்' என்றுதான் சொல்கிறார்.

படத்தில் உரத்தடை வந்தது. 2021 மே மாதம், ரசாயன உர இறக்குமதியை அரசு ஒரேயடியாக நிறுத்தியது. பேரன் படத்தை நிறுத்தினான். "ஒரே நாள்ல உரத்தை நிறுத்துனா நம்ம கொடி என்னாகும்? ஒரு விவசாயிகிட்டகூடக் கேக்க மாட்டாங்களா?" நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. நவம்பரில் தடையை விலக்கினார்கள். போன மகசூல் போனதுதான்.

அதற்கு முன்பே, 2019 கடைசியில் வாட் வரியை 15 சதவிகிதத்திலிருந்து 8 ஆகக் குறைத்திருந்தார்கள். கஜானா வற்றியது, ரூபாய் நோட்டு அச்சாகிக்கொண்டே போனது. 2022 ஏப்ரல் 12-ல், வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அறிவித்தது இலங்கை. மொத்த வெளிநாட்டுக் கடன் சுமார் 5,100 கோடி டாலர்.

இந்தக் கணக்கெல்லாம் அப்பத்தாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது தங்கையின் மாத்திரைக் கணக்கு. அந்த வருடம் பிரஷர் மாத்திரை கிடைக்காமல், ஒன்றை இரண்டாக உடைத்து நாளுக்குப் பாதி போட்டுக்கொண்டிருந்தார் தங்கை. மகள் கொழுந்து பறிக்கும் நாட்கூலி 1,000 ரூபாய். கோதுமை மாவு விலை ஏற ஏற, கூலி அங்கேயே நின்றது. "அக்கா, நீ காசு அனுப்பாத. காசு இருந்தாலும் கடையில மாத்திரை இல்ல" என்று தங்கை சொன்ன அன்று, அப்பத்தா சோறு தொடவில்லை.

"ஊழல்னா லஞ்சம் வாங்குறதுன்னுதான் நெனச்சேன் அப்பத்தா" என்றான் பேரன். அவன் படித்துக் காட்டிய செய்தி இது: 2023 நவம்பர் 14-ல் இலங்கை உச்ச நீதிமன்றம், கோத்தபய, மஹிந்த, பசில் ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கி முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்ட அதிகாரிகளும் மக்களின் நம்பிக்கையை மீறியதாக, நெருக்கடிக்கு அவர்களே பொறுப்பென்று தீர்ப்பளித்தது.

"பேரைச் சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க."

"உள்ள போட்டாங்களா?"

"அந்தத் தீர்ப்புல அப்படி இல்ல. கேஸ் போட்டவங்களுக்குத் தலா 1,50,000 ரூபா செலவுக் காசு."

அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பேரையாச்சும் சொன்னாங்களே... எங்களக் கப்பலேத்துனதுக்கு அதுகூட யாரும் சொல்லல" என்றார்.

பிறகு, தங்கைக்கு வாட்ஸ்அப்பில் போன் போடச் சொன்னார். மணி அடித்து எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை.

"ஏ புள்ள, மாத்திரைய முழுசாப் போடுறியா, இன்னமும் ஒடச்சுத்தான் போடுறியா?"

மறுமுனையில் பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் பேரனும் காத்திருந்தான்.