பறக்கிற பூச்சிக்குப் பாதை எதுக்கு?

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம். தங்கமணி வச்ச வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் உள்ள போன கையோட, லேப்டாப்ல ஒரு பழைய சாமானைத் தூசி தட்டிக்கிட்டு இருந்தேன். எட்டாவது படிக்கிற பையன் பின்னாடி வந்து எட்டிப் பார்த்தான். "இது என்னப்பா, உங்க காலத்து கேமா? டப்பாவா இருக்கு"ன்னான். "உட்கார்ந்து ஆடிப் பாருடா"ன்னு நகர்ந்து குடுத்தேன். பத்தே நிமிஷம், 20 உயிரும் காலி. மறுபடி ஆடினான், மறுபடி காலி. மூணாவது தடவை தோத்ததும், போன்ல மணிக்கணக்கா சுட்டுத் தள்ளுற மகராசன் "அப்பா, டிப்ஸ் சொல்லுங்க"ன்னு கேட்டானே பார்க்கணும்! இத்தனை வருஷமா புனேல பொட்டி தட்டுறேன், இப்படி ஒரு மரியாதையை எனக்கு யாரும் குடுத்ததில்லை :-)

அந்த கேம் பேரு டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ். 2007 மார்ச்ல பால் பிரீஸ்ங்கிறவர் ஃபிளாஷ்ல எழுதி வெளியிட்டது. இன்ஸ்டால் கிடையாது, காசு கிடையாது, பிரவுசரைத் திறந்தா ஆட்டம். ஒரு ஆபீஸ் மேசைதான் போர்க்களம். இடது பக்க வாசல் வழியா பூச்சிகள் வரிசையா வரும், வலது பக்க வாசல் வழியா தப்பிக்கப் பார்க்கும். கஷ்டமான லெவல்ல மேலே இருந்தும் வந்து கீழே போகும். நடுவுல நாம டவர் கட்டி சுடணும். ஒரு பூச்சி தப்பிச்சா ஒரு உயிர் போச்சு. அவ்ளோதான் கதை.

2020 டிசம்பர் 31-ஓட அடோபி ஃபிளாஷுக்கு மூடுவிழா நடத்திடுச்சு. 2021 ஜனவரி 12-ல இருந்து ஃபிளாஷ் பிளேயரே எதையும் ஓட்ட மாட்டேன்னு சொல்லிடுச்சு. நல்ல வேளையா, ஃபிளாஷ்பாயிண்ட்னு தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துற சேமிப்புல இந்த மாதிரி பழைய கேம் எல்லாம் பத்திரமா இருக்கு. அங்கேதான் தேடிப் பிடிச்சேன்.

டிப்ஸ் சொல்லணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். 2008 கடைசி. அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ் செப்டம்பர்ல கவிழ்ந்து, அந்த அலை ஹிஞ்சவாடி வரைக்கும் வந்துடுச்சு. எங்க பிராஜெக்ட்டை மூடிட்டாங்க. நானும் என் ரூம்மேட்டும் பெஞ்ச்ல. ஆணி புடுங்கப் போனா ஆணியே இல்லை. அவன் நாகர்கோவில்காரன், நாஞ்சிலான்னு வச்சுக்குவோம். சாயங்காலம் தமிழ் மெஸ்ல சாப்பிட்டுட்டு வந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இந்த கேம்தான். யாரு ஸ்கோர் அதிகம்னு சுவத்துல சாக்பீஸ்ல எழுதி வச்சிருந்தோம். எப்பவும் நான்தான் மேலே. அதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

இனி டிப்ஸ்.

ஒண்ணு: வழியை அடைக்கப் பார்க்காதீங்க, நீட்டுங்க. பையன் முதல் தடவை பண்ணின தப்பே அதுதான். வாசலை அடைச்சு டவர் வைக்கப் பார்த்தான், கேம் விடலை. பூச்சி வெளியே போக ஒரு வழியாவது இருந்தே ஆகணும்ங்கிறது இதுல சட்டம். நம்மால முடிஞ்சது அந்த வழியை இழுத்தடிக்கிறதுதான். மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போற மாதிரி கோலம் போட்டா, பத்தடி தூரத்தை நூறடியா நடக்கும். அவ்வளவு நேரமும் நம்ம குண்டு அது மேல விழும்.

ரெண்டு: சுவருக்கு மலிவான செங்கல் போதும். பெல்லட் டவர் விலை 5 காசுதான். கோலம் முழுக்க அதாலேயே போட்டுட்டு, எந்த மூலையைப் பூச்சி ரெண்டு மூணு தடவை கடந்து போகுதோ அங்கே இருக்கிற டவரை மட்டும் பெருசு பண்ணுங்க. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் பெருசு பண்ணினா எதுவுமே உருப்படாது. பக்கத்துல ஒரு ஃப்ராஸ்ட் டவர் வச்சா பூச்சி மெதுவா நடக்கும், இன்னும் நல்லா அடி வாங்கும். ஆனா இம்யூன்னு ஒரு ஜாதி வரும், அதுக்குக் குளிரே உறைக்காது. ஃப்ராஸ்ட்டை மட்டும் நம்பி உட்கார்ந்தா அன்னிக்கு அம்போ.

மூணு: அப்கிரேடை அலை வர்றதுக்கு முன்னாடி பண்ணுங்க. அப்கிரேடு நடக்கிறப்ப டவர் சுடாது. பெரிய அப்கிரேடுக்கு நேரமும் அதிகம். பூச்சி வாசல்ல வந்து நிக்கிறப்ப பெரிய டவரைக் கழட்டிப் போட்டா அது வேடிக்கைதான் பார்க்கும். கேம்ல இதை நான் ரெண்டே நாள்ல கத்துக்கிட்டேன். நிஜத்துல? பெஞ்ச் லிஸ்ட் ஒட்டினதுக்கு அப்புறம்தான் சர்ட்டிஃபிகேஷன் புஸ்தகம் வாங்கப் போனேன். பாடமும் ஏறலை, இன்டர்வியூவும் வரலை.

நாலு: விக்கணும்னா சின்னதை வித்துக்குங்க. டவரை வித்தா போட்ட காசுல 75 சதவீதம்தான் திரும்பும். பெருசா வளர்த்ததை வித்தா நஷ்டமும் பெருசு. ஆனா ஒத்தை பெல்லட்டை வித்து ஒரு வழியைத் திறந்து, இன்னொரு வழியை மூடினா, வாசல் வரைக்கும் வந்த பூச்சி அப்படியே திரும்பி மறுபடி முழுக்க நடக்கும். இதுக்கு ஜக்ளிங்னு பேரு. சில்லறை செலவுல பெரிய லாபம்.

அஞ்சு: அடுத்த அலையை அவசரமாக் கூப்பிடாதீங்க. முன்னாடியே கூப்பிட்டா போனஸ் பாயிண்ட் உண்டு. என் ஸ்கோர் ரகசியமே அதுதான். கையில ஒரு காசு வச்சுக்க மாட்டேன், வந்ததை எல்லாம் டவர்ல போடுவேன், அடுத்த அலையைக் கூப்பிடுவேன். நாஞ்சிலான் நேர் எதிர். அவசரமே பட மாட்டான். கையில எப்பவும் கொஞ்சம் காசு சும்மா கிடக்கும்.

ஆறு, இதுதான் முக்கியம்: பறக்கிற அலை. நாம போட்ட கோலத்தை அது சட்டையே பண்ணாது. நுழையிற வாசல்ல இருந்து வெளியேற வாசலுக்கு ஒரே நேர்க்கோடு. டார்ட், பாஷ் டவரெல்லாம் எவ்வளவு பெருசா இருந்தாலும் தரையில நடக்கிறதைத்தான் அடிக்கும், தலைக்கு மேல போறதைத் தொடாது. இதுக்குன்னே ஸ்வார்ம் டவர் இருக்கு. அது பறக்கிறதை மட்டும்தான் அடிக்கும், மத்த அலைக்கெல்லாம் தண்டத்துக்கு நிக்கும். அதனாலதான் அதுக்குக் காசு போட யாருக்கும் மனசு வராது. இடமிருந்து வர்றதும் மேலிருந்து வர்றதும் குறுக்கே வெட்டிக்கிற இடம் பலகையோட நட்டநடு. ஸ்வார்ம் அங்கே இருக்கணும், முதல் பறவை வர்றதுக்கு முன்னாடியே இருக்கணும்.

நாஞ்சிலான் ஆரம்பத்துலேயே நடுவுல ரெண்டு ஸ்வார்முக்கு இடம் ஒதுக்கிடுவான். "என்னத்துக்குலே இந்த வெட்டிச் செலவு? ஸ்கோர் போகுது பாரு"ன்னு நக்கல் அடிப்பேன். "கெடக்கட்டும் மக்கா"ம்பான். அவ்ளோதான் பதில்.

2009 பிப்ரவரி, விடிகாலை நாலு மணிக்கு அம்மா போன். அப்பாவுக்கு நெஞ்சுவலி, கோவில்பட்டியில இருந்து மதுரைக்குக் கொண்டு போயிட்டாங்க, உடனே ஸ்டென்ட் வைக்கணுமாம், பணம் கட்டச் சொல்றாங்க.

என் நிலைமையைச் சொல்றேன். வாகட்ல ஃபிளாட் புக் பண்ணி முன்பணம் கட்டியாச்சு, மாசாமாசம் தவணை. மிச்சம் எல்லாம் ஷேர்ல. 2008 ஜனவரியில 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபர்ல 8,000-க்குக் கீழே போயிட்டு வந்த நேரம். கேம்லயாவது 75 சதவீதம் தருவாங்க, எனக்குப் பாதி கூட வராது. அதுவும் வித்துப் பணம் கைக்கு வர ரெண்டு மூணு நாள் ஆகும். வேலை போனா என்ன, தவணை நின்னா என்னன்னு நடந்து வர்றதுக்கெல்லாம் கோலம் போட்டு வச்சிருந்தேன். இது நேரா பறந்து வந்துச்சு. பேங்க்ல இருந்தது பதினோராயிரம் சொச்சம்.

நாஞ்சிலான் எழுந்து உட்கார்ந்தான். எவ்வளவுன்னு மட்டும் கேட்டான். பத்து மணிக்கு பேங்க் திறந்ததும் போய் ஃபிக்சட் டெபாசிட்டை உடைச்சு, ஒரு லட்சத்து இருபதாயிரத்தை என் தம்பி கணக்குல போட்டுட்டு வந்தான். அன்னிக்கு மத்தியானம் சென்னைக்கு ஃபிளைட், ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல அன்ரிசர்வ்டு. விடியும்போது மதுரையில அப்பா கண்ணு முழிச்சுப் பார்த்தார். "ஆபீஸ்ல லீவு குடுத்தாங்களா?"ன்னு கேட்டார். பெஞ்ச்ல இருக்கேன்னு அவருக்கு நான் சொல்லவே இல்லை.

கதை இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஏப்ரல்ல லிஸ்ட் வந்துச்சு. என் பேர் இல்லை, அவன் பேர் இருந்துச்சு. அந்த டெபாசிட்டை எதுக்காக அவன் சேர்த்து வச்சானோ, அந்த நாள் வந்தப்போ அது அவன்கிட்ட இல்லை, என்கிட்ட இருந்துச்சு. ஒரு வார்த்தை கேட்கலை. பெட்டியைக் கட்டிக்கிட்டு நாகர்கோவில் போயிட்டான். ஏழு மாசம் வேலை இல்லாம வீட்ல இருந்தான். தவணை போக மிஞ்சினதுல மாசம் பத்தாயிரமா நான் அனுப்பி முடிக்க ஒரு வருஷம் ஆச்சு. ஷேரை நஷ்டத்துக்கு வித்தாவது மொத்தமாக் குடுத்திருக்கலாம். மார்க்கெட் ஏறட்டும்னு காத்திருந்தேன். இன்னிக்கும் அதை நினைச்சா சாப்பாடு இறங்காது. இதை அவன்கிட்ட நேர்ல சொன்னதில்லை, இங்கேதான் முதல் தடவையா எழுதுறேன்.

இப்போ அவன் மஸ்கட்ல நல்லா இருக்கான். அப்பா அதுக்கப்புறம் 11 வருஷம் இருந்தார், பேரனைத் தூக்கிக் கொஞ்சிட்டுத்தான் போனார்.

ஞாயித்துக்கிழமைக்கு வருவோம். டிப்ஸ் எல்லாம் கேட்டுட்டுப் பையன் மறுபடி ஆடினான். கோலம் பிரமாதம், ஜக்ளிங் வேற. எனக்கே பெருமை தாங்கலை. போட்டோ எடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பினேன். "என் பையன் போட்டது"ன்னு எழுதினேன். ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துச்சு.

"நடுவுல ஒண்ணும் காணலியே மக்கா? பறவை வந்தா என்ன செய்வான்?"

பையன்கிட்ட காட்டினேன். "ஆறாவது டிப்ஸ் சொன்னேன்ல?" "இருங்கப்பா, இந்த அலை முடியட்டும், காசு வேணும்ல"ன்னான். நான் வாயைத் திறக்கலை. அடுத்த அலை பறவை. ஒம்போது உயிர் போச்சு.

ஆட்டத்தை மூடிட்டு அவனே புதுசா ஆரம்பிச்சான். இந்தத் தடவை நடுவுல ஒரு கட்டத்தை ஆரம்பத்துல இருந்தே காலியா விட்டு வச்சிருந்தான்.

டிஸ்கி: திங்கட்கிழமை கணக்குப் பரீட்சையில பையன் வாங்கின மார்க்குக்கும் இந்தப் பதிவுக்கும் சம்பந்தம் இல்லைன்னு தங்கமணிக்குப் பணிவோடு தெரிவிச்சுக்கிறேன்.