ரெண்டு வி.ஓ.சி.

ஒரே இனிஷியலில் ரெண்டு பேர் இருந்தால் ஆபீஸில் என்ன நடக்கும்? ஒருத்தருடைய மெமோ இன்னொருத்தர் மேஜைக்குப் போகும். சரித்திரத்திலும் அப்படி ஒரு ஜோடி உண்டு. அதைப் பார்க்க நானும் என் சேக்காளியும் மில்லர்புரத்திலிருந்து கண்ணூர் வரை போனோம்.

கண்ணூர்க் கடலோரம் நிற்கிறது புனித ஆஞ்சலோ கோட்டை. 1505-ல் போர்ச்சுகீசிய வைஸ்ராய் அல்மெய்டா ஆரம்பித்து வைத்தது. முக்கோண வடிவம். கடல் பக்கம் அலையே காவல். தரைப் பக்கம் அகழி. மதிலெல்லாம் செம்புரைக்கல். இந்தக் கல் ஒரு தினுசு. மண்ணுக்குள் இருக்கும்போது கோடாலியால் வெட்டலாம். வெளியே வந்து காற்றுப்பட்டதும் இறுகிவிடும். டெம்பரரி கிளார்க் பெர்மனெண்ட் ஆன மாதிரி!

உள்ளே குதிரை லாயம், பீரங்கிகள், ஒரு சிறை. 1663-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1772-ல் அரக்கல் ராஜாவுக்கு விற்றார்கள். 1790-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. டச்சு அதிகாரி ஒருவரின் மனைவி, 1745-ல் இறந்துபோன 17 வயசுப் பெண்ணின் கல்லறைக் கல்வெட்டு இன்னும் இருக்கிறது. அத்தனை கனமான மதில், அந்தப் பெண்ணை மட்டும் காப்பாற்றவில்லை.

அந்த டச்சுக் கம்பெனிதான் 1658-ல் நம்ம தூத்துக்குடியையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது. முத்து, சங்கு, துணி என்று வாரிக்கொண்டு போனது. காசிலும் பீரங்கியிலும் அது பொறித்துக்கொண்ட எழுத்து என்ன தெரியுமா? வி.ஓ.சி.!

"ஏலே, நம்மாளு பேர அவன் எப்படிலே வச்சான்?" என்றான் சேக்காளி.

நம்மாளும் இதே கண்ணூரில் இருந்தவர்தான். ஆனால் கோட்டையில் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி, பள்ளிக்குன்னு மத்திய சிறையில். 1869-ல் வந்த அந்தச் சிறை இன்றும் இயங்குகிறது. கோட்டைக்குள் யாரும் போகலாம். சிறைக்குள் போக ஒரு தகுதி வேண்டும், எங்களிடம் இல்லை. ரோட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றோம்.

1906-ல் 10 லட்ச ரூபாய் மூலதனத்துக்குத் திட்டம் போட்டு, பங்கு ஒன்று 25 ரூபாய் என்று, வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் விட்டவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1908-ல் ராஜதுரோக வழக்கு. நீதிபதி பின்ஹே ரெண்டு ஆயுள் தண்டனை கொடுத்தார். அப்பீலில் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1910 டிசம்பரில் கண்ணூருக்கு மாற்றினார்கள். வக்கீலாக இருந்தவர், கைதிகளுக்கு நீதி சொல்லிக்கொடுத்தபடி அங்கேதான் 'மெய்யறம்' எழுதினார். 1912 டிசம்பரில் விடுதலையானபோது சுதேசிக் கம்பெனி இல்லை. வக்கீல் சன்னதும் இல்லை. மிச்சம் இருந்தது குடும்பமும் கடனும்.

அன்றைக்குக் கணக்குப் பார்த்திருந்தால், சுவர்தான் ஜெயித்தது என்று எழுதியிருப்பார்கள்.

டச்சு வி.ஓ.சி. 1799-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. அதன் கோட்டையில் இப்போது ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் வைத்தார்கள். எங்க ஊருக்கு வந்து, யாரையாவது நிறுத்தி, "வி.ஓ.சி.க்கு எப்படிப் போகணும்?" என்று கேளுங்கள். "காலேஜுக்கா, துறைமுகத்துக்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு ஒருத்தரும் வழி சொல்லமாட்டார்கள்.